செல்லாத்தாளுக்கு முப்பத்தெட்டு வயது

கோயமுத்தூர்
18-8-1994

தங்கை சாஜிதாவுக்கு அக்கா ஆமினா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மாப்பிள்ளை யாக்கூப் தம்பிக்கும் பிள்ளை இல்யாஸுக்கும் எங்கள் சலாம். மலையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் வரவில்லை என்று பேப்பரில் போட்டிருந்ததாக உன் மச்சான் சொன்னார். கடை நடக்கிறதா? இல்யாஸ் பத்தாவது ஆயிற்றே, மழை என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்களா? எழுது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். எங்கள் போன் பாத்திரக் கடையில்தான் இருக்கிறது. நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் பேசுகிற விஷயம் இல்லை. படித்ததும் பயந்துவிடாதே.

போன மாதம் குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. வலி இல்லாததால் பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம் நம் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, கடைசியில் புண் வாடை வந்த பிறகுதானே நமக்கே தெரிந்தது. அன்றைக்கே மச்சானிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் வரதராஜுலு என்று ஒரு டாக்டர். அறுபது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறார். பக்கத்தில் ஒரு நர்ஸம்மா நின்றதால் கூச்சம் கொஞ்சம் குறைந்தது. முதலில் கையால் பார்த்தார். பிறகு மாமோகிராம் என்று ஒரு படம் எடுத்தார்கள். இரண்டு தட்டுக்கு நடுவில் மார்பை வைத்து அழுத்துகிறார்கள். உயிர் போய்த் திரும்புகிற மாதிரி இருக்கிறது, ஆனால் ஒரு நிமிஷம்தான். அடுத்து, மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. அதுதான் என்று வந்துவிட்டது. நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். வேறு எங்கும் பரவவில்லையாம்.

டாக்டர் மச்சானை வெளியே அழைத்துப்போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். 29ஆம் தேதி திங்கட்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது.

இந்த மழையில் நீ இறங்கி வர வேண்டாம். பாலக்காட்டிலிருந்து மகள் ஷகிலா வருகிறாள், ஒரு மாதம் இருப்பாள். உன் தொழுகையில் எனக்காகக் கேட்டுக்கொள்.

அக்கா,
ஆமினா பீவி

வால்பாறை
11-9-1994

பாசமுள்ள அக்காவுக்கு சாஜிதாவின் சலாம்.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டதால் ஒரு மணி நேரம் தாமதம், வேறு ஒன்றுமில்லை. வந்ததிலிருந்து கடையில் ஆள் இல்லாமல் நானும் நின்றேன், அதனால்தான் உடனே எழுதவில்லை. தையல் பிரித்தாகிவிட்டதா? காய்ச்சல் ஏதும் இல்லையே?

வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எப்படி வராமல் இருப்பேன்? ஆனால் வார்டில் நாலு நாள் உட்கார்ந்திருந்தும் உங்களிடம் ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு ஒருவர் போனால் ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். மச்சான் கதவுப் பக்கமே நின்றார். நீங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முழுவதும் எடுத்துவிட்டார்கள் என்று ஷகிலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இங்கே இவர் ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்தாராம். இப்போது கட்டியையும் அதைச் சுற்றி உள்ளதையும் மட்டும் எடுத்துவிட்டு, மார்புக்குக் கரண்ட் என்கிறார்களே, அந்தக் கதிர் வைக்கிற முறை வந்துவிட்டதாம். கட்டி சின்னதாக இருந்தால் அதுவே போதுமாம். உங்கள் டாக்டர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையா அக்கா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்யாஸ் பெரியம்மாவை விசாரித்தான்.

தங்கை,
சாஜிதா பேகம்

கோயமுத்தூர்
4-10-1994

சாஜிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கை வலி, அதனால் எழுதவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். டாக்டர் இரண்டு வழியும் சொன்னார். நான்தான் முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்றேன். நாற்பத்தேழு வயதில் அது இருந்தென்ன, போனாலென்ன. கட்டியை மட்டும் எடுத்தால் ஐந்தாறு வாரம் தினமும் போய் மெஷினுக்கு அடியில் படுக்க வேண்டும். அதெல்லாம் எனக்கு எதற்கு? யோசித்துத்தான் முடிவு செய்தேன். இதைப் பற்றி இனி ஒன்றும் கேட்க வேண்டாம்.

மற்றபடி விவரம் சொல்கிறேன். இரண்டு ட்யூப் போட்டு, அதன் முனையில் பாட்டில் மாட்டி விட்டிருந்தார்களே, அதை ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். அக்குளில் பதினான்கு நெறிக்கட்டி எடுத்துப் பார்த்ததில் இரண்டில் நோய் இருந்ததாம். அதனால் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும். முதல் தடவை முடிந்துவிட்டது. அன்று முழுவதும் வாந்தி. இரண்டாம் நாள் ரசம் சோறு தங்கியது.

தினமும் சுவர் ஓரம் நின்று, இடது கை விரல்களைப் பல்லி ஏறுகிற மாதிரி மேலே மேலே நகர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். எதுவரை எட்டுகிறது என்று மச்சான் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறார். தோளுக்கு மேல் நாலு விரல்கடை வந்திருக்கிறேன். அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது, ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது.

எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ள ஷகிலா துணிப்பை தைத்துப் பஞ்சு அடைத்துக் கொடுத்தாள். கனமில்லாமல் அது கழுத்துக்கு ஏறி வந்துவிட்டது. இப்போது கம்பு தானியம் நிரப்பித் தந்திருக்கிறாள். அசையாமல் இருக்கிறது.

நீ கவலைப்படாதே. இல்யாஸை நன்றாகப் படிக்கச் சொல்.

ஆமினா

வால்பாறை
21-10-1994

அன்பு அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி இனிக் கேட்கவில்லை. இரண்டாவது மருந்து எப்படிப் போயிற்று? சாப்பாடு இறங்குகிறதா? இங்கே மழை விட்டு வெயில் வந்திருக்கிறது, குளிரும் கூடவே வந்துவிட்டது. எல்லோரும் சௌக்கியம்.

ஒரு விஷயம். எங்கள் கடைக்கு எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து செல்லாத்தாள் என்று ஒருத்தி சாமான் வாங்க வருவாள். தேயிலை பறிக்கிறவள். நான் உங்கள் ஆபரேஷனுக்கு வந்து போனதைக் கேள்விப்பட்டு, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து சொன்னாள். அவளுக்கும் வலது பக்கம் ஒரு கட்டி இருக்கிறதாம். பெருநெல்லிக்காயைவிடக் கொஞ்சம் சின்னது. வலி இல்லை. அழுத்தினால் லேசாக நகர்கிறதாம். நகர்ந்தால் நல்ல கட்டி என்று யாரோ சொன்னார்களாம், நிஜமா?

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உடனே கத்திதான் என்று பயப்படுகிறாள். அந்த ஊசிச் சோதனை வலிக்குமா, ஊசி குத்தினால் கட்டி கிளம்பிப் பரவிவிடும் என்கிறார்களே, அது உண்மையா என்றெல்லாம் கேட்கிறாள். உங்களுக்கு அனுபவம் இருப்பதால் கேட்கச் சொன்னாள். முடிந்தபோது எழுதுங்கள். அவசரமில்லை.

மச்சானுக்கு சலாம்.

சாஜிதா

கோயமுத்தூர்
27-10-1994

சாஜிதாவுக்கு அக்காவின் சலாமும் துஆவும்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்றே எழுதுகிறேன். என் உடம்பு பரவாயில்லை. தலைமுடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. நான் எழுவதற்குள் மச்சான் தலையணையிலிருந்து பொறுக்கி எடுத்துவிடுகிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

செல்லாத்தாள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் கட்டியும் அது இல்லை. பத்துப் பேர் கட்டி என்று வந்தால் எட்டுப் பேருக்குச் சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும் என்று டாக்டரே சொன்னார். நகர்ந்தால் நல்லது, நகராவிட்டால் கெட்டது என்று நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது. எனக்கும் நகரத்தான் செய்தது. கையால் எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது. தினமும் அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்குத் தெரியும்.

ஊசி, ரத்தம் எடுக்கிற அளவுதான் வலிக்கும். ஊசியால் பரவும் என்பது பொய். நானே டாக்டரிடம் கேட்டேன். "குத்தாம உட்டாத்தாம்மா பரவும்" என்றார்.

ஊசி வைத்தும் சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. தோலில் குழி விழுந்திருக்கிறதா, காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, நீரோ ரத்தமோ கசிகிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்க்கச் சொல். ஒன்றும் இல்லாவிட்டாலும் வர வேண்டும். கையால் பார்ப்பது, படம், ஊசி எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அவசரமில்லை என்று எழுதியிருக்கிறாய். அவசரம்தான். அவளை அழைத்துக்கொண்டு வா. நம் வீட்டிலேயே தங்கலாம்.

ஆமினா

(அஞ்சல் அட்டை)
கோயமுத்தூர்
16-11-1994

சாஜிதாவுக்கு சலாம். இங்கு நலம். மூன்றாவது மருந்து முடிந்தது. செல்லாத்தாள் என்ன ஆனாள்? உன்னிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. பதில் போடு. ஆமினா.

வால்பாறை
26-11-1994

அன்பு அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கார்டு கிடைத்தது, தாமதத்துக்கு மன்னியுங்கள். இவருக்குச் சளிக்காய்ச்சல், இல்யாஸுக்கு அரைப் பரீட்சை வருகிறது. கடை வேலை முழுவதும் என் தலையில். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்.

செல்லாத்தாள் இன்னும் கிளம்பவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். குழியும் இல்லை, கசிவும் இல்லையாம். மார்ச் மாதம் பையனுக்குப் பத்தாவது பரீட்சை. அது முடிந்து ஏப்ரலில் வந்தால் போதாதா, நாலு மாதத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்கிறாள்.

இன்னொன்று கேட்கச் சொன்னாள். எனக்கே கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கடிதம் என்பதால் எழுதுகிறேன். எடுத்த பிறகு வீட்டுக்காரர் முன்போல் இருப்பாரா? முகம் சுளிப்பாரா? மச்சான் உங்களிடம் எப்படி இருக்கிறார் அக்கா? அவள் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஒரு நாள் கை நீட்டியதில்லை. ஆனால் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை நினைத்துத்தான் சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சாஜிதா

கோயமுத்தூர்
2-12-1994

என் தங்கை சாஜிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

யாக்கூப் தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா? கஞ்சியில் மிளகு தட்டிப் போட்டுக் கொடு.

பரீட்சை வரைக்கும் நோய் காத்திருக்காது. பையன் பரீட்சை எழுதுவான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாலும் எழுதுவான். அம்மா இல்லாமல் போனால்தான் எழுத மாட்டான். இதை அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டு.

மச்சானைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உள்ளதைச் சொல்கிறேன். முதல் மாதம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அருவருப்பு என்று நினைத்து நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஷகிலா ஊருக்குப் போயிருந்தபோது கட்டுத்துணி மாற்ற வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அவரே மாற்றினார். "கைபட்டா வலிக்குமோன்னுதான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். தையல் ஒரு சாண் நீளத்துக்குக் கோடாக இருக்கிறது. பார்க்கப் பார்க்கப் பழகிவிடுகிறது. அவருக்குப் பழகிவிட்டது. எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது டோக்கன் போட்டு வந்துவிட்டேன். வருகிற 14ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி. பெயர் செல்லாத்தாள், ஊர் வால்பாறை என்று எழுதிக்கொண்டார்கள். வயது கேட்டார்கள். அவள் வயதை நீ எழுதவில்லை. முப்பத்தெட்டு என்று போடச் சொன்னேன்.

அவளைத் தனியாக அனுப்பாதே, நீயும் வா. அவள் வராவிட்டால் நீ மட்டுமாவது வா.

அக்கா,
ஆமினா

வால்பாறை
8-12-1994

அக்காவுக்கு,

முப்பத்தெட்டு என்று என் வயதைப் படித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்லாத்தாளுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. இன்று காலைகூட வந்து கருவாடு வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு மாதமாக அவள் பெயரை வைத்து உங்களிடம் பொய் எழுதியிருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அவளும் மன்னிக்கட்டும்.

கடை திறப்பதற்கு முன் இவரிடம் சொல்லிவிட்டேன். "எத்தன நாளா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஷட்டரைத் தூக்கப் போனவர் திரும்ப இறக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமையே வருகிறோம்.

சாஜிதா

கோயமுத்தூர்
20-12-1994

சாஜிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பஸ் பிரயாணம் சௌகரியமாக இருந்ததா? ஊசி வைத்த இடம் கன்றிப்போயிருந்ததே, இப்போது எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை டாக்டர் ரூமில் நான் அப்படிப் பேசியது ஏன் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டாய். மச்சான் பக்கத்தில் நின்றார், அதனால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

டாக்டர் ரிசல்ட் காகிதத்தைப் பார்த்துவிட்டு யாக்கூப் தம்பியிடம், "நீங்க கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். மச்சானும் கூடவே எழுந்தார். நீ நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கு அது பொறுக்கவில்லை. "டாக்டருங்க, எதுவா இருந்தாலும் இவகிட்டயே சொல்லிப்போடுங்க. கட்டி இவளுக்குத்தானுங்க" என்றேன். "உக்காரு ஆமினா" என்று மச்சான் அதட்டியும் நான் உட்காரவில்லை. அதற்குப் பிறகு டாக்டர் காகிதத்தில் படம் போட்டு, உனக்கு அதுதான் என்றும், சின்னதாக இருக்கிறது, இரண்டு வழியில் எது செய்தாலும் ஆயுசு ஒன்றுதான் என்றும், உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஜனவரி 2ஆம் தேதிக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார்.

எனக்கு அப்படி யாரும் படம் போட்டுக் காட்டவில்லை.

அக்டோபர் மாதம் உனக்கு எழுதியது பொய். நான் முடிவு செய்யவில்லை. கை வலி என்று எழுதியிருந்தேன். எனக்கு அறுத்தது இடது பக்கம், எழுதுவது வலது கை. நீ கவனித்தாயோ என்னவோ.

நீ ஊருக்குப் போன பிறகு, ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள், பக்கத்துக் கட்டிலுக்கு ரங்கநாயகி என்று ஓர் அம்மா வந்தார். பீளமேட்டில் ஒரு காலேஜ் லைப்ரரியில் வேலை. அவருக்குக் கட்டியை மட்டும் எடுத்திருந்தார்கள். பேச்சுவாக்கில், "உங்களுக்கும் ரெண்டு வழி சொல்லியிருப்பாரே, நீங்க ஏனுங்க முழுசா எடுத்துக்கிட்டீங்க?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டாக்டர் சொன்னாருங்க, எனக்குத்தான் அலைய முடியாதுன்னு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். அப்புறம் கட்டு மாற்ற வந்த நர்ஸம்மாவிடம் கேட்டேன். "உங்க ஊட்டுக்காரர்கிட்ட அரை மணி நேரம் விளக்கினாங்களே அம்மணி. அவருதான் முழுசா எடுத்துப்போடுங்கன்னாரு" என்றார்.

நான் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்தேன் சாஜிதா. பத்தடி தூரம்கூட இல்லை. வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதை மச்சானிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். சுவரில் கோடு போடுகிறவரிடம், முடி பொறுக்குகிறவரிடம் இதை எப்படிக் கேட்பது? ஆனால் மறக்கவும் முடியவில்லை.

நீ இதைச் செய், அதைச் செய் என்று நான் சொல்லப்போவதில்லை. யாக்கூப் தம்பியிடம் பேசு. ஆனால் டாக்டரிடம் சொல்கிற வாய் உன்னுடையதாக இருக்கட்டும்.

அக்கா

வால்பாறை
26-12-1994

என் அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கன்றல் மறைந்துவிட்டது. இல்யாஸிடமும் சொல்லிவிட்டோம். முதலில் அழுதான், பிறகு அரிசி களைந்து உலை வைத்தான். உங்களுக்கு ஐந்தாவது மருந்து எப்போது? அதற்குள் நான் அங்கே இருப்பேன்.

உங்கள் கடிதத்தை நான் இவரிடம் காட்டவில்லை. ஆனால் அன்றைக்கே, "இதைப் பத்திப் பேசோணும்" என்றேன். "உன்ற இஷ்டம் சாஜிதா, நீ எது சொன்னாலும் சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். "இஷ்டம்னு சொல்லிப்போட்டுக் கடைக்குப் போயிராதீங்க. உக்காருங்க. உங்களுக்கு எது பயம், எனக்கு எது பயம்னு ரெண்டு பேரும் சொல்லிக்கலாம்" என்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இப்படி நான் சொன்னதில்லை. உட்கார்ந்தார். வெளியே இரண்டு மூன்று பேர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

அவருக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றுதான் இருந்தது. ஐந்தாறு வாரம் அக்கா வீட்டில் இரு, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். டாக்டரும் இரண்டும் ஒன்றுதான் என்கிறாரே, எதற்காக முழுவதையும் இழக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் நான் முழுவதையும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் வருத்தப்படலாம். இவளுக்காக அவ்வளவு பேசினோமே, கடைசியில் இதைத்தானே சொன்னாள் என்று தோன்றலாம். என் குணம் எனக்குத் தெரியும் அக்கா. இரண்டு மாதமாகக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டேன். மீதி இருந்தால் ஆயுசு முழுவதும் அதையே தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது வேண்டாம். போகட்டும். இன்னொருத்திக்கு வேறு மாதிரி இருக்கும். ரங்கநாயகி அம்மாவுக்கு அப்படி இருந்திருக்கிறது. உங்களுக்கு எப்படி இருந்திருக்குமோ.

இவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "சரி. டாக்டர்கிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா அழுதுபோடுவேன்" என்றார்.

அக்கா, நீங்கள் என்னைக் கிழிக்கச் சொல்லாமலே அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் அதில் எழுதியிருந்ததை மச்சானிடம் நீங்கள் கேட்க வேண்டும். சண்டைக்காக இல்லை. கேட்காமல் வைத்திருந்தால் அதுவும் ஒரு கட்டிதான்.

சாஜிதா

கோயமுத்தூர்
31-12-1994

சாஜிதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் முடிவைப் படித்தேன். வருத்தம் இல்லை. நீ யோசித்ததை எழுதியிருக்கிறாய், அது போதும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மச்சான் சாப்பிட்டார். இலை எடுத்த பிறகு கேட்டேன். நான் நினைத்திருந்தபடி கேட்க வரவில்லை. "டாக்டர் ரெண்டு வழி சொன்னாராமுங்க. எனக்கு ஏனுங்க சொல்லல?" என்று மட்டும்தான் வந்தது.

யார் சொன்னார்கள், எப்போது தெரியும் என்று அவர் கேட்கவில்லை. வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கேட்டா நீ வேற சொல்லிப்போடுவியோன்னு பயமா இருந்துச்சு ஆமினா. கட்டிய மட்டும் எடுத்து, அது மறுபடி வந்து, நீ போயிட்டீன்னா நான் என்ன பண்றது? டாக்டர் ரெண்டும் ஒண்ணுதான்னாரு. என்ற காதுல அது ஏறல. அதான் கேக்கல."

"அது தப்புங்க" என்றேன்.

"தப்புத்தான்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. நாலு மாதமாக நெஞ்சில் இருந்தது, அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முழுவதும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டிருந்தால் நான் எதைச் சொல்லியிருப்பேன் என்று நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். நீ சொன்னதையே சொல்லியிருக்கலாம். வேறு சொல்லியிருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை, எனக்கும்தான். அதற்காக ஒரு தடவை அழுதேன். மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது, இதை வால்பாறை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் நாளை ஞாயிற்றுக்கிழமையே இறங்கி வாருங்கள். மாடி அறையில் இரண்டு கட்டில் போட்டாகிவிட்டது. குளிர் இங்கே அவ்வளவு இல்லை, கனமான போர்வை வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நாலு தைத்து வைத்திருக்கிறேன், ஆபரேஷனுக்குப் பிறகு தலைவழியாகப் போட முடியாது. இல்யாஸ் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வரட்டும்.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது மச்சானும் நம்மோடு வருகிறாராம். வாயைத் திறக்க மாட்டாராம். இதை உனக்கு மறக்காமல் எழுதச் சொன்னார்.

அக்கா,
ஆமினா